மூடாத கண்கள்: ராமலிங்க விலாசத்தின் மேல்மாடி

ராமேஸ்வரம் போகிற வண்டிகளுக்கு ராமநாதபுரம் டீ குடிக்க நிற்கிற ஊர். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் ஒரு செல்ஃபி, அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, 22 தீர்த்தக் கிணறுகள், மூன்றாம் பிரகாரத்தின் முடிவில்லாத தூண் வரிசை, நேரமிருந்தால் தனுஷ்கோடி. திரும்பி வரும்போதும் அதே டீக்கடை. அந்தப் பிரகாரத்தை எழுப்பிய சேதுபதிகளின் அரண்மனை ஊருக்குள்ளேயே இருக்கிறது என்பதும், அதில் ராமலிங்க விலாசம் என்ற கட்டடத்தின் சுவர்கள் தரையிலிருந்து கூரைவரை ஓவியங்களால் நிறைந்தவை என்பதும் நம்மில் பலருக்கு ஒரு பொது அறிவுத் தகவலாகக்கூடத் தெரியாது.

தெரிந்தவர்களும் அவற்றைச் 'சேதுபதி கால ஓவியங்கள்' என்பார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓவியம் மன்னரின் பெயரில் இருக்கிறது. காலமும் மன்னருடையது. வரைந்தவர் அந்தத் தொடரில் எங்குமே இல்லை. திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை வரைந்த ஓவியர் சிங்காதனம், தன் பெயரை அங்கேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். அதனால் மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. ராமநாதபுரத்து ஓவியருக்கு அது வாய்க்கவில்லை. இத்தனை பெரிய பரப்பு ஒருவர் கையால் முடியாது, ஒரு குழுவின் வேலைதான். இருந்தாலும் இந்தக் கட்டுரையில் அவரை ஒருமையில் 'ஓவியர்' என்றே சொல்லப்போகிறேன். ஒரு கலைஞரைப் பற்றிப் பேசும்போது கொடுக்கும் மரியாதையை இவருக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்றுதான்.

குறிப்பாக நான் பேச விரும்புவது மேல்மாடியின் அந்தப்புரக் காட்சிகளைப் பற்றி. மன்னரும் பெண்களும் இருக்கும் காட்சிகள். 'சிருங்காரம்' என்ற ஒரு வார்த்தையில் எல்லோரும் தாண்டிப் போகிற சுவர்கள். எனக்கு அவை தமிழ்நாட்டில் வரையப்பட்ட ஓவியங்களிலேயே ஆகப் பதற்றமான ஓவியங்களாகத் தெரிகின்றன. அந்தப் பதற்றம் எங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

1

முதலில் கட்டடம். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டையும் அரண்மனையும் எழுப்பியவர் கிழவன் சேதுபதி. அவர் 1710இல் இறந்தார். அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி, திருவுடையத் தேவர் என்றும் பெயர், 1725வரை ஆண்டார். சுவர்களில் இருப்பது இவருடைய காலம், இவருடைய உருவம்.

ராமலிங்க விலாசம் ஏறக்குறைய ஒரு கோயிலின் அடுக்கில் அமைந்தது. முன்னால் தூண்கள் நிறைந்த பெரிய மண்டபம், அடுத்து ஓர் இடைப்பகுதி, உள்ளே கருவறை மாதிரி ராமர் பீடம். இதற்கு மேலேதான் மன்னரின் தனியறை. கலை வரலாற்றாளர் ஜெனிபர் ஹவ்ஸ், தென்னிந்திய அரசவைகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட நூலில், இந்த ஓவியங்களைக் கட்டடத்தோடு சேர்த்துப் படித்தார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். சேதுபதிகளின் செப்பேடுகளையும் வரலாற்றையும் தொகுத்த எஸ்.எம். கமால் இல்லாவிட்டால் இந்த ஊரின் கதையில் பாதி நம் கைக்கு வந்திருக்காது. இவர்களெல்லாம் போட்டுக் கொடுத்த பாதையில்தான் நானும் நடக்கிறேன். ஆனால் அவர்கள் முக்கியமாகக் கேட்டது 'இதில் என்ன வரையப்பட்டிருக்கிறது' என்ற கேள்வி. நான் கேட்பது வேறு: அந்த அறையில் படுத்து எழுந்த ஒருவருக்கு, அங்கே நின்று சேவகம் செய்த ஒருத்திக்கு, இந்தச் சுவர் என்ன செய்திருக்கும்?

கீழே நிற்பது அரசியல். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது. தொப்பியும் கோட்டும் போட்ட ஐரோப்பியர் மன்னர்முன் வந்து நிற்கிறார்கள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதியின்மேல் மணிகளைச் சொரிந்து கௌரவிக்கிறார். ராஜராஜேஸ்வரி அம்மனே மன்னர் கையில் செங்கோலைக் கொடுக்கிறாள். ஒரு காலத்தில் மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டிருந்த ஒரு மறவர் அரசு 'இனி நாங்கள் யாருக்கும் கீழே இல்லை' என்று சுவரில் எழுதிப்போட்ட அறிவிப்பு இது. கண்ணன் கதை, ராமாயணக் காட்சிகள் என்று அடுத்த அடுக்கு. எந்தக் காட்சி எது என்று அடையாளம் காட்டத் தமிழில் குறிப்புகளும் உண்டு. மேலே போனால் போரும் தூதும் இல்லை. மன்னர், பெண்கள், காமன், ரதி.

பாதையைக் கவனித்தீர்களா? உலகத்திலிருந்து வீட்டுக்குள், வீட்டிலிருந்து படுக்கைக்கு. இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் நமக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. மேலே போகப்போக ஆள் குறைவார்கள், மேலே போனால் மன்னரின் 'உண்மையான' முகம் தெரியும் என்று. அந்த எதிர்பார்ப்பைத்தான் ஓவியர் உடைக்கிறார்.

2

நம் எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். வீட்டுக்குள்ளிருக்கும் மௌனத்தை வரைந்தவர்கள் என்றால் இணையத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கு உடனே நினைவு வருவது ஐரோப்பியர்கள்தான். கோபன்ஹேகனில் தன் வீட்டின் சாம்பல் நிற அறைகளில் முதுகு காட்டி நிற்கும் மனைவி இடாவைத் திரும்பத் திரும்ப வரைந்த ஹாமர்ஷோய். பாரிஸில் வாழ்ந்த சுவிஸ்காரர் ஃபெலிக்ஸ் வல்லத்தோன். இவர் 1897-98இல் 'அந்தரங்கங்கள்' என்ற பொருளில் பெயரிட்டுப் பத்து மரச்செதுக்குப் படங்கள் செய்தார். ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருப்பார்கள். படத்தின் பெயர் 'பொய்' என்றிருக்கும், தழுவிக்கொண்டிருப்பார்கள். யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்பது தெரியாது. 'பணம்' என்ற படத்தில் பெரும்பகுதி வெறும் கருப்பு. ஆணின் உடல் அந்தக் கருப்புக்குள்ளேயே கரைந்து கிடக்கும்.

இந்தப் படங்களின் பதற்றம் ஒரு கதவை நம்பி இருக்கிறது. கதவு சாத்தப்பட்டிருக்கிறது, உள்ளே இரண்டு பேர்தான், நாம் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம். முகத்தில் தெரியாத ஏதோ ஒன்று மனதில் இருக்கிறது என்று நாம் ஊகிக்கிறோம்.

ராமநாதபுரத்தில் இந்த வித்தை எடுபடாது. முகங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. பக்கவாட்டிலோ முக்கால் பாகம் திரும்பியோ இருக்கும் அதே முகம், அதே கூர்மூக்கு, காதை நோக்கி நீளும் அதே பெரிய கண். ராணிக்கும் கவரி வீசுபவளுக்கும் ஒரே முகம். மன்னர் மட்டும் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பார். முகத்தில் உளவியலைத் தேடுகிறவருக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. 'எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

என் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து ஆயிரம் பக்கங்கள் உருவாகும்போது ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படிக்கமாட்டோம். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று மட்டும் பார்ப்போம். சுவருக்கும் அதையே செய்யலாம். கீழ்த்தளத்துத் தர்பார் காட்சியையும் மேல்மாடிக் காட்சியையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மாறியவை: கீழே சூழ நிற்பவர்கள் ஆண்கள், மேலே பெண்கள். கீழே வாளும் வேலும், மேலே கவரியும் வெற்றிலையும் வீணையும்.

மாறாதவை: மன்னர் நடுநாயகமாக, பெரிதாக. சுற்றியிருப்பவர்கள் அவரை நோக்கித் திரும்பியபடி. ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. தட்டையான பின்னணி, ஆழம் கிடையாது, ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் கிடையாது. எல்லாக் கண்களும் திறந்தபடி.

மாறாதவற்றின் பட்டியல்தான் நீளமாக இருக்கிறது. படுக்கையறை தர்பாரின் வடிவத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. ஆட்கள் மாறிவிட்டார்கள், ஏற்பாடு மாறவில்லை. மேலே ஏறினால் மன்னர் தனியாகிவிடுவார் என்று நினைத்தோம். அங்கேயும் சபைதான் கூடியிருக்கிறது.

3

இது ஓவியருக்குத் தெரியாமல் நடந்ததா? அவருக்கு வேறு மாதிரி வரையத் தெரியாது, மரபு அப்படி, அதனால் எல்லாவற்றையும் ஒரே அச்சில் போட்டார் என்று சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேறு மாதிரி சொல்ல அந்த அரசவையிலேயே ஒரு மொழி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அது தமிழ்க் கவிதையின் மொழி.

அகம், புறம் என்று பிரித்த மரபு நம்முடையது. அந்தப் பிரிவின் மிக அழகான விதி, அகப்பாடலில் காதலரின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயர் சொல்லிவிட்டால் அது புறம் ஆகிவிடும். காதலுக்கு ஒரு இருட்டு வேண்டும், பெயரில்லாமைதான் அந்த இருட்டு என்று நம் முன்னோர் கண்டுகொண்டிருந்தார்கள்.

நாயக்கர் காலத்துக்கு வரும்போது இது தலைகீழாகிறது. உலா, காதல், விறலிவிடு தூது என்று மன்னர்களையும் வள்ளல்களையும் பெயர் சொல்லிக் காதல் நாயகர்களாக்கும் சிற்றிலக்கியங்கள் குவிகின்றன. சேதுபதிகளின் சபையிலும் அப்படித்தான். இதில் ஒரு விசித்திரமான நூல் உண்டு. அமிர்த கவிராயர் 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடிய 'ஒருதுறைக் கோவை'. வழக்கமான கோவை நூலில் காதல் கதை சந்திப்பில் தொடங்கித் துறை துறையாக நகர்ந்துகொண்டே போகும். இவர் நகரவே இல்லை. 'நாணிக் கண் புதைத்தல்' என்ற ஒரே துறையை எடுத்துக்கொண்டு 400 பாடல்கள் பாடினார். தலைவி வெட்கப்பட்டுத் தன் கண்களைக் கையால் மூடிக்கொள்கிறாள். அந்த ஒரு கணம், நானூறு முறை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தன் கண்ணை மூடிக்கொள்ளும் கணத்தை ஒரு நூல் முழுக்கக் கொண்டாடிய அரசவை இது. கண் மூடுவது ஒரு சின்ன உரிமை. 'நீ என்னைப் பார்க்கலாம், ஆனால் நான் உன்னைப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்' என்று சொல்லும் உரிமை. கவிஞர் அவளுக்கு அதை நானூறு முறை கொடுத்தார், பாட்டுடைத் தலைவர் என்னவோ மன்னராக இருந்தாலும்.

அடுத்த தலைமுறைகளில் அதே அரண்மனையின் சுவரில் ஓவியர் வரைந்த பெண்களின் கண்கள் அகலத் திறந்தே இருக்கின்றன. காமக் காட்சியிலும் அந்த மரபின் கண் விரிந்தே இருக்கும். சிலைக்குக் கண் திறப்பது கடைசிச் சடங்கு. சித்திரத்திலும் கண்ணைக் கடைசியாக எழுதும் வழக்கம் உண்டு. கண் எழுதிய பிறகுதான் உருவத்துக்கு உயிர் வரும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஓவியர் ஒரு படுக்கையறைக்குள் இருந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்களைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் இருப்பவர்கள் தூங்குவதில்லை. அந்த அறையில் தூங்க வேண்டியவர் மன்னர்.

கவிதையில் தலைவி கண்ணை மூடும்போது வெளியே ஒரு மனமும் உள்ளே ஒரு மனமுமாக இரண்டாகிறாள். ஓவியத்தில் அந்த இரண்டாவது மனதுக்கு இடமில்லை. நான் பதற்றம் என்று சொல்வது இதைத்தான். முகம் எதையோ மறைக்கிறது என்பது வல்லத்தோனின் பதற்றம். முகத்துக்கு மறைக்க அனுமதியே இல்லை என்பது ராமநாதபுரத்தின் பதற்றம்.

4

அந்தக் காம உலகத்தில் பெண்ணுடல்களைப் பின்னிச் செய்த யானையும் வருகிறது. நவநாரி குஞ்சரம் என்று சொல்வார்கள். ஒன்பது பெண்கள் வளைந்து, குனிந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து ஒரு யானையின் உருவத்தை அமைப்பார்கள். கோயில் சிற்பங்களிலும் தந்த வேலைப்பாட்டிலும் இந்த உருவம் புழங்கியிருக்கிறது. அதனால் பொதுவாக இதை ஒரு வேடிக்கை, ஒரு புதிர்ப்படம் என்றுதான் பார்க்கிறோம். 'எங்கே, ஒன்பது பேரையும் கண்டுபிடி பார்ப்போம்' என்று குழந்தைகளிடம் காட்டலாம்.

கண்டுபிடித்தபின் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். தூரத்தில் யானை தெரியும்போது பெண்கள் தெரியமாட்டார்கள். ஒரு பெண் தெரிந்துவிட்டால் யானை கலைந்துவிடும். கண் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். யானையாகப் பார்த்தால் கம்பீரம். பெண்ணாகப் பார்த்தால் ஒருத்தியின் முதுகு பாரம் தாங்குகிறது, இன்னொருத்தியின் கை தும்பிக்கையாக நீண்டபடி இருக்கிறது, அவள் கையை இறக்கினால் தும்பிக்கை இல்லை.

எந்த உடல் எந்தப் பாரத்தைச் சுமக்கிறது என்று தெரியாமல் இதை வரைய முடியாது. யானை நம்பும்படி நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முழங்காலும் சரியான இடத்தில் மடங்க வேண்டும். ஆக, இந்த உருவத்தை வரைந்தவர், இன்பமாகச் சொல்லப்படும் ஒன்று எத்தனை பேரின் முதுகில் நிற்கிறது என்பதைக் கோடு கோடாகக் கணக்கிட்டவர். அவர் அதை விமர்சனமாக வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. கணக்குத் தெரிந்த கை அது என்று மட்டும் சொல்கிறேன்.

5

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். நாயக்கர் கால அரசியலைப் பற்றி வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து 1992இல் எழுதிய நூல் ஒன்று உண்டு. அவர்கள் சொல்வதன் சாரம்: அந்தக் காலத்து அரசருக்கு இன்ப நுகர்ச்சி, அதாவது போகம், ஒரு தனிப்பட்ட பொழுதுபோக்கு இல்லை. அதுவும் அரசக் கடமை. மன்னர் அனுபவித்தால்தான் நாடு செழிக்கும் என்ற எண்ணம். ஆக, மேல்மாடி ஓவியத்தில் வெட்கமும் இல்லை, ஒளிவும் இல்லை, பதற்றமும் இல்லை. 21ஆம் நூற்றாண்டுக்காரனான நீதான் உன் பதற்றத்தைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் ஒட்டுகிறாய் என்று ஒருவர் சொல்லலாம்.

போகம் அரசக் கடமை என்பதை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். அதனாலேயே கேட்கிறேன்: இன்பம் கடமையாகிவிட்ட மனிதரின் படுக்கையறை எப்படி இருக்கும்? வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகிய நம் தலைமுறைக்கு இது புரியாமல் போகாது. கட்டிலுக்கு எதிரே லேப்டாப் திறந்திருக்கும் அறையில் எப்போது வேலை முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சேதுபதியின் அறையில் லேப்டாப்புக்குப் பதில் நான்கு சுவர்கள். 'நீ மன்னன், நீ இன்பமாக இருக்கிறாய், இன்பமாக இருந்துகொண்டே இரு' என்று அவரிடமே திருப்பிச் சொல்லும் சுவர்கள்.

அதோடு, அந்தப்புரம் என்பது அந்த நாட்டில் வெறும் அலங்காரம் இல்லை. அங்கே நடந்தவை தலைகளையும் நாட்டையும் தீர்மானித்தன. மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

1693. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் கிறித்தவரானார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். அதன் முடிவில் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் அந்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்த மணல் இன்றும் சிவந்திருக்கிறது என்று சொல்லி எடுத்துப்போகும் யாத்ரீகர்கள் உண்டு. புனிதரின் கதையாக இதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு வீட்டின் உள்ளறையில் தன் இடத்தை ஒரே நாளில் இழந்த ஒருத்தியின் கதை இது.

1710. கிழவன் சேதுபதி இறந்தபோது 47 பெண்கள் அவரோடு எரிந்தார்கள். மதுரைப் பகுதியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களில் இந்த எண் பதிவாகியிருக்கிறது.

1725. முத்து விஜய ரகுநாதர் இறந்ததும் வாரிசுச் சண்டை வெடித்தது. அதில் முக்கியமான ஆள் பவானி சங்கரர். கிழவன் சேதுபதிக்கு முறைப்படி மணக்காத பெண் ஒருத்தியிடம் பிறந்தவர் என்பதால் 1710இலேயே ஒதுக்கப்பட்டவர். அவர் தஞ்சையின் உதவியோடு அரியணை ஏறினார். சில ஆண்டுகளில் கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அதே தஞ்சையின் உதவியோடு அவரை வீழ்த்தினார்கள். ஐந்து பங்கான நாட்டில் மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கு, இரண்டு பங்கு சிவகங்கைக்கு என்று நாடு பிளந்தது. கீழ்மண்டபச் சுவரில் தஞ்சையோடு பெருமையாகப் போர் நடந்துகொண்டிருக்க, மேல்மாடிக் கேள்வி ஒன்று அந்தத் தஞ்சையையே நடுவராக வீட்டுக்குள் கூட்டிவந்தது.

இந்த வெளிச்சத்தில் சுவருக்குத் திரும்புங்கள். ராமாயணத்தில் எந்தப் பகுதி வரையப்பட்டிருக்கிறது தெரியுமா? பால காண்டம். போர் இல்லை, ராவணன் இல்லை. சேது அணை கட்டிய கதையைத் தன் பட்டப்பெயரிலேயே வைத்திருக்கும் மன்னரின் வீட்டில், சேது கட்டும் காண்டத்தை விட்டுவிட்டுப் பால காண்டம். அது எங்கே தொடங்குகிறது? பிள்ளையில்லாத ஓர் அரசரின் கவலையில். தசரதர் வேள்வி செய்கிறார், பாயசம் வருகிறது, ராணிகளுக்குப் பங்கிடப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் பின்னால் வரும் அத்தனையும் அடங்கியிருக்கிறது. கண்ணன் கதையும் ஒரு குழந்தை பிழைக்குமா என்ற பயத்தில் தொடங்கும் கதைதான். கோகுலத்தையும் அயோத்தியையும் தாண்டி மேலே ஏறினால் மன்னரைச் சுற்றிப் பெண்கள். போகத்தின் சுவருக்குக் கீழேயே பிள்ளைப்பேற்றின் சுவர். நாடு காத்திருக்கிறது என்பதை அந்தக் கட்டடம் படியேறும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டும்.

இது 1720களின் ஓவியர் மனதில் இருந்ததா? அவர் மனதுக்குள் நான் போகமுடியாது. ஆனால் அவர் வேலை செய்த ஊரில் 1710இன் தீ பத்துப் பதினைந்து ஆண்டுப் பழசுதான். பார்த்தவர்கள் உயிரோடு இருந்த ஊர் அது. இறந்த மன்னரோடு 47 பேர் போன வீட்டில், உயிரோடிருக்கும் மன்னரைச் சுற்றிப் பெண்களை வரையச் சொன்னார்கள். அவர் வரைந்த பெண்களில் ஒருத்திக்கும் தனி முகம் கிடையாது, ஒருத்தியும் கண்ணை மூடவில்லை. சுவரில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பாதிரியாரின் கடிதத்திலும் எண்ணிக்கைதான் இருக்கிறது.

6

இந்த ஓவியங்கள் ஏன் கவனிக்கப்படவில்லை என்பதற்கு ராமநாதபுரத்தின் வெயிலையும் தூரத்தையும் காரணம் சொல்லலாம். அதைவிடப் பெரிய காரணம் நம் ரசனையின் வரைபடம். தமிழ் ஓவியம் என்றால் சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள், அதன்பின் ஒரே தாவலில் சென்னை ஓவிய இயக்கமும் சோழமண்டலமும். நடுவில் இருக்கும் நாயக்கர் காலத்தை 'வீழ்ச்சி' என்று பழைய பாடப்புத்தகப் பழக்கத்தில் தாண்டிவிடுகிறோம். அம்ரிதா ஷெர்கில் 1937வாக்கில் தெற்கே வந்தபோது கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள்முன் நின்று கிறங்கிப்போனார். அந்தப் பயணத்துக்குப் பின்தான் 'மணமகளின் அலங்காரம்' போன்ற அவருடைய புகழ்பெற்ற உள்ளறைக் காட்சிகள் வந்தன. பெண்கள் கூடியிருக்கிறார்கள், ஒருவரையொருவர் தொடுகிறார்கள், ஆனால் அறை முழுக்க ஒரு கனம். ஓர் அரண்மனையின் சுவர் ஒரு நவீன ஓவியருக்கு அவர் தேடிய மொழியைக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ராமநாதபுரத்துச் சுவருக்கு அப்படி ஒரு பார்வையாளர் வந்து சேரவில்லை.

வண்ணம் உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்பு தெரிகிறது. உடல் போய்க் கை மட்டும் மிஞ்சலாம், முகம் போய் நகை மட்டும் மிஞ்சலாம். பாதுகாக்க வேண்டும் என்று கட்டுரையின் கடைசியில் எல்லோரும் எழுதுவதை நானும் எழுதுகிறேன், அது உண்மை என்பதால். ஆனால் அதற்கு முன்னால் இவற்றைப் பார்க்க வேண்டும். மன்னரின் வரலாற்றுக்குச் சான்றாக இல்லை, ஓர் ஓவியரின் படைப்பாக.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் ஒன்று சொல்வேன். போனால் முதலில் கீழ்த்தளத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். போரையும் தூதையும் மணி சொரிவதையும் பாருங்கள். எல்லோரும் எப்படி ஒரே ஆளை நோக்கித் திரும்பி நிற்கிறார்கள் என்பது கண்ணுக்குப் பழகட்டும். பிறகு மேலே போங்கள். அங்கே மன்னரைப் பார்க்காதீர்கள், அவரைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். கவரி வீசுகிறவள், அடைப்பம் ஏந்தியவள், யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி மறைந்து நிற்பவள். காட்சியில் அவர்களுக்கு இன்பமும் இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. நின்றபடி இருக்க வேண்டும், பார்த்தபடி இருக்க வேண்டும். கூலிக்கு அழைக்கப்பட்டு, அந்த அறைக்குள் நாள்கணக்கில் சாரத்தில் நின்று, எல்லாவற்றையும் பார்த்து, தன் பெயரை எங்கும் எழுதாமல் இறங்கிப் போன ஒருவர் அந்தக் கண்களை எழுதும்போது யாரை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.